கதவில் வைத்த கை

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை என்று என் மாணவிகள் பேசிக்கொள்கிறார்கள். நான் எழுதிவரும் உலக அரசியல் பாடப்புத்தகத்தின் அடுத்த இரண்டு அத்தியாயங்கள் இத்துடன் வருகின்றன. பிழை திருத்தி அனுப்பு. போன முறை, ‘ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் பிறர் தலையிடக் கூடாது’ என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘அம்மா, கவனிக்க’ என்று எழுதியிருந்தாய். பிழை திருத்துபவளுக்கு அது வேலையில்லை.

வீட்டோ அதிகாரத்தை விளக்கத்தான் திணறுகிறேன். பதினைந்து நாடுகள் உட்கார்ந்த ஐ.நா. பாதுகாப்புச் சபையில், குறிப்பிட்ட ஐந்தில் ஒன்று வேண்டாம் என்றாலும் தீர்மானம் நின்றுபோகும். இதைச் சொன்னால் வகுப்பே கொட்டாவி விடுகிறது. நல்ல உதாரணம் தோன்றினால் எழுது.

உன் வீட்டுக்கு வா வா என்று மறுபடி கூப்பிடாதே. ஏழாம் மாடி, லிஃப்ட் என்றாலே எனக்குப் பயம். நான் பாதி உள்ளே ஏறும்போதே கதவு மூடிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

ஜூன் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

லிஃப்டுக்குப் பயம் என்கிறீர்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் என் கணவரைப் பார்க்க மனமில்லை என்பதுதானே உண்மை? உங்களிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டது நான். ஆனால் மூன்று வருடமாக நீங்கள் விதித்த தடை மட்டும் அவர்மேல்.

உதாரணம் கிடைத்துவிட்டது. உங்கள் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்துவிட்டுச் சொன்னார்: “இது எங்க லிஃப்ட் கதவு மாதிரிதான். உள்ள பத்துப் பேர் அவசரத்துல நிப்பாங்க. ஒருத்தர் கதவுல கைய வெச்சா போதும், நகராது. மத்தவங்க முறைக்கலாம், திட்டலாம், அவ்வளவுதான். ஆனா எல்லார் கையும் கதவுக்கு எட்டாது. முன்னால நிக்கறவங்களுக்குத்தான் எட்டும்.”

அன்புடன்,
உங்கள் மகள்

ஜூன் 19

அன்பு மகளுக்கு,

உதாரணத்தை வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்தது. ‘முன்னால நிக்கறவங்களுக்குத்தான் எட்டும்’ என்றதும் ஒரு பெண் கைதட்டினாள். இருபத்தாறு வருடம் பாடம் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

புத்தகத்தில் சேர்க்கப்போகிறேன். ‘நண்பர் ஒருவர் சொன்னது’ என்று கீழே குறிப்பு போட்டால் போதும்தானே?

அம்மா

ஜூன் 26

அம்மா,

போதாது. பிறர் சொன்னதைப் பெயர் குறிப்பிடாமல் எழுதினால் நீங்கள் மாணவர்களுக்குப் பூஜ்யம் போடுவீர்கள். அவரிடம் நேராக அனுமதி கேளுங்கள். அவரைக் கேட்டேன், “அம்மா எழுதிக்கட்டும், எனக்கென்ன” என்றார். அவர் விட்டாலும் நான் விடமாட்டேன். இந்தக் கதவுக்கு என் கையும் எட்டும்.

அங்கீகாரம் பற்றிய அத்தியாயத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பிழை இல்லை. ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறேன்: ‘ஒரு நாட்டை ஏற்றுக்கொண்டதாக வாயால் அறிவிக்க வேண்டியதில்லை, முறைப்படி தூதரை அனுப்பினாலே ஏற்றதாகப் பொருள்.’

மூன்று வருடமாக நீங்கள் இல்லாமல் என் வீடு நிறையவில்லை அம்மா.

மகள்

ஜூலை 8

மாப்பிள்ளைக்கு,

இந்த ஒரு சொல்லை எழுத நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் வந்துவிட்டது.

லிஃப்ட் கதவு உதாரணத்தைப் பாடப்புத்தகத்தில் பயன்படுத்த உங்கள் அனுமதி வேண்டும். ‘லிஃப்ட் மெக்கானிக்கான என் மருமகன் சொன்னது’ என்று அச்சிட எழுதிவைத்திருக்கிறேன். வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள். மூன்று வருடம் உங்களைப் பற்றி ஒரு வரிகூட விசாரிக்காமல் இருந்தது என் தப்பு. அதற்கு எந்த அத்தியாயத்திலும் நியாயம் கிடைக்கவில்லை.

நான் எழுதியதையே அடிக்கோடிட்டு எனக்கே பாடம் நடத்துகிறாள் உங்கள் மனைவி. யார் பெற்ற பிள்ளை. அவள் கேட்டபடி, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தூதர் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். லிஃப்ட் பயமும் பொய்யில்லை.

நீங்கள் கீழே வந்து நில்லுங்கள். நான் ஏறி முடிக்கும்வரை கதவில் கையை வைத்துக்கொண்டிருங்கள்.

அத்தை