தெரியாது என்று சொல்லும் நிறம்

ஒக்டோபர் 4, வெள்ளி

இல்லை, நிறத்துக்காக நான் சண்டை பிடிக்கவில்லை.

எங்கள் வானிலைச் செயலி கடலுக்குப் போகிறவர்களுக்கானது. பச்சை என்றால் போகலாம். மஞ்சள், யோசி. சிவப்பு, போகாதே. ஆனால் கரையை விட்டு விலகினால் சிக்னல் இல்லை, புதுத் தகவல் வராது. அப்போது திரை சாம்பலாகி, "இப்போது எனக்குத் தெரியாது" என்று காட்டும். அதைச் செய்தவள் நான். என்னோடு நிறுவனம் தொடங்கிய லதீசன் அதை எடுத்துவிடச் சொல்கிறான்.

"தெரியாது எண்டு சொல்லுற அப்பை ஆர் போன்ல வச்சிருப்பினம்? நீ கம்பஸ்ல வைவாவிலகூட தெரியாது எண்டு சொன்னதில்லையே."

நிலுஷா சிரித்தாள். மூன்று பேர் கொண்ட நிறுவனம். ஒருத்தி சிரித்தால் பெரும்பான்மை.

ஒக்டோபர் 7, திங்கள்

சாம்பல் இருக்கும். லதீசன் "ஓம், ஓம்" என்றான். ஒரு ஓம் அதிகம்.

ஒக்டோபர் 12, சனி

வெளியீடு. உப்புவெளியில், விடுதி மண்டபம். லதீசன் நன்றாகப் பேசினான். எரிச்சலாக இருந்தது, கை தட்டினேன்.

பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து மீன்பிடிக்கும் இன்பாஸ் அண்ணை மனைவியோடு வந்திருந்தார். ஆரம்பத்திலிருந்தே எங்களுக்காகப் போனைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவர். புதுப் பதிப்பை அவருக்கு நானே ஏற்றிக் கொடுத்தேன்.

"இனி மனிசியின்ர கதை கேக்கமாட்டன் பிள்ளை, உங்கட அப் சொல்லுறதுதான்."

"என்ர கதை எப்ப கேட்டனீங்கள்?" என்றார் மனைவி.

ஒக்டோபர் 16, புதன்

விடிய பச்சை. மத்தியானம் செயலி சிவப்பானது. காற்று அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் முதல் வெற்றி. பிளேன்ரீ குடித்துக் கொண்டாடினோம்.

ஒக்டோபர் 17, வியாழன்

இன்பாஸ் அண்ணை ஆஸ்பத்திரியில். நேற்றைய காற்றில் போட் கவிழ்ந்துவிட்டது. வேறு போட்காரர் தூக்கியிருக்கிறார்கள். கை முறிவு.

"முகில் கறுத்தது. வலையை வெட்டிப்போட்டு வருவம் எண்டுதான் நினைச்சனான். போனைப் பாத்தன், பச்சை. திரும்பவும் பாத்தன். பச்சை."

குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கதிரையிலிருந்த மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

சாம்பல் எங்கே?

பின்னேரம்

லதீசன் எடுத்திருக்கிறான். வெளியீட்டுக்கு முதல் நாள். நிலுஷாவுக்கும் தெரியும்.

"வெளியீட்டு ஹோல்ல சிக்னல் இல்லாமப் போயிருந்தா? அத்தினை பேருக்கு முன்னால சாம்பலாப் போனா எங்கட மானம்?"

மானம்.

அடுத்த பதிப்பில போடுறானாம். எப்பயடா அடுத்த பதிப்பு? இப்பவும் எத்தினை பேர் அங்க நிக்கிறாங்கள், பழைய பச்சையைப் பாத்துக்கொண்டு? கத்தினேன். கீழ்க் கடைக்காரர் ஏறிவந்து பார்த்துவிட்டுப் போனார்.

"இப்ப நிப்பாட்டினா நாங்கள் செத்தம்," என்றான்.

செத்தம் எண்டு சொல்லுறான். இவன்.

ஒக்டோபர் 18, வெள்ளி

அப் ஸ்டோர் கணக்கின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. செயலியை அங்கிருந்து நீக்கிவிட்டேன். இனி யாரும் புதிதாக எடுக்க ஏலாது. ஏற்கெனவே எடுத்தவர்களின் போனில் அது அப்படியே இருக்கும். திருத்தி அனுப்பினாலும் அவர்கள் புதுப்பிக்க வேண்டும். யார் புதுப்பிப்பார்கள்?

லதீசன் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லவில்லை. நிலுஷா "யோசிச்சுச் செய்" என்று அனுப்பியிருந்தாள். யோசித்தேன். கோபம் குறையவில்லை.

சல்லிக் கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தார்கள். போனைத் தாருங்கள் என்றேன்.

"ஏன் பிள்ளை, அப் பிழையோ?"

"ஓம்."

தந்தார்கள். ஒவ்வொன்றிலும் செயலியை அழித்துக் கொடுத்தேன். பிறகு அடுத்த கரைக்குப் போக நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன்.