சயனைடு மேட்டுத் தூசி

புதன்கிழமை, இரவு.

இன்று பெங்களூரில் கவிதாவின் ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தார். என் மகளின் உடம்பே அவள் கல்லீரலைப் பகையாக நினைத்துத் தாக்குகிறதாம். எதனால் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பரம்பரையாக ஓர் உடம்பு வாகு இருக்கலாம், ஏதோ காய்ச்சலோ மாத்திரையோ நாட்டு மருந்தோ அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்றார். "வீட்ல யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று கேட்டார். எனக்கு என்றேன். தைராய்டும் பல பேருக்கு இப்படி உடம்பே தாக்குவதால்தான் வரும், குடும்பத்தில் தொடரலாம் என்று சொல்லி எழுதிக்கொண்டார். கவிதா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னுடைய பழைய புடவையைக் கிழித்து ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்தார். எங்கள் கோலார் தங்க வயலில் எந்த நோய்க்கும் சயனைடு மேட்டைத்தான், தங்கம் பிரித்தபின் சுரங்கத்துக்காரர்கள் மலையாகக் கொட்டிய கழிவு மண்ணைத்தான், காட்டுவார்கள்.

"எல்லாம் அந்தத் தூசிதான். டாக்டருக்கு இன்னா தெரியும்? காத்தடிக்கிறப்ப இங்க வந்து நின்னு பார்த்தாரா?" என்றார்.

"தூசின்னே இருக்கட்டும்மா. யார் கேட்டாலும் அப்படியே சொல்லிக்கலாம்," என்றாள் கவிதா.

என்னிடமிருந்து வந்தது என்று யாரும் சொல்லக் கூடாதென்றுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சின்னவளும் இரண்டு நாளாக அசதி என்கிறாள். கவிதாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. பரீட்சைக்குக் கண் விழித்துப் படிப்பதால் இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் தூங்குகிறாள். எழுப்பி, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கப் பயமாக இருக்கிறது.