புள்ளி ஏறிய பிள்ளை

மார்ச் 4
பதுளையில் விடாத மழை. நனைந்துகொண்டே தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகள் சிகிச்சையில் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று கேட்டுப் புள்ளி போடுவது என் வேலை. புள்ளி குறைந்தால் பயம் குறைந்ததாம். இந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பெயரை இங்கேகூட எழுத மாட்டேன். கெட்ட கனவு, கோபம், எதைக் கேட்டாலும் இல்லை என்கிறாள். அக்கிரமம் செய்தவன் சொந்தத் தாய்மாமன். பிணையில் வந்து பண்டாரவளையில் சுகமாக இருக்கிறான். இவளுக்குக் கோபமே வரவில்லையாம்!

மார்ச் 5
புள்ளி குறைவென்று மேலதிகாரி முன்ஸிப் சேருக்கு ஒரே சந்தோஷம். அவளுக்குச் சிகிச்சை கொடுக்கும் கலாராணி புள்ளித் தாளை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள்.

மார்ச் 19
பிள்ளை பெரியவளாகிவிட்டாள். அவர்கள் குடியிருக்கும் லயத்தில் சடங்குப் பேச்சு. தாய்மாமன்தான் சீர் கொண்டுவந்து மாலை போட வேண்டுமாம். யார் — அவனா? தாயிடம் கேட்டே விட்டேன்.

"கேசு வேற, மொறை வேற மிஸ். மாமன் வராட்டி ஏன்னு லயமே கேக்கும். நான் என்னத்த சொல்ல?"

குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று சேர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கிடக்கட்டும். அவனை அங்கே வரவிடக் கூடாதென்று நானும் கலாராணியும் நன்னடத்தை அலுவலருக்குப் போன் செய்தோம்.

மார்ச் 27
பிள்ளை சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறாள். தூக்கத்தில் அலறுகிறாள். புள்ளி மளமளவென்று ஏறிவிட்டது. சிகிச்சையே வீண், இவளைக் கணக்கில் சேர்க்காதே என்கிறார் சேர். புண்ணைக் கிளறிவிட்டோமா? கலாராணியிடம் சண்டையே போட்டேன்.

"அப்ப பயந்துகிட்டு இல்லைன்னா. இப்ப நம்மள நம்பி ஆமாங்கிறா," என்றாள்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. அது உண்மையாக இருக்க வேண்டுமே.

ஏப்ரல் 2
தாய்மாமனைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். ஆனாலும் வருவான் என்றுதான் லயத்தில் பேச்சு.

ஏப்ரல் 6
சடங்குக்குப் போனேன். அவன் வரவில்லை. அவனுடைய சீர் வந்தது. சேலை, மாலை எல்லாவற்றையும் அவன் பெண்சாதி தட்டில் ஏந்தி வந்தாள். தாய் மாலையை எடுத்துப் பிள்ளையின் கழுத்தருகே கொண்டுபோனாள். பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு மாலை எனக்கு வேணாம். ஏன்னு ஒங்களுக்குத் தெரியும்மா."

கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. தாய் மாலையோடு அப்படியே நின்றாள். பிறகு மாலையைத் தட்டில் வைத்து, தட்டைத் தூக்கி அவன் பெண்சாதி கையில் கொடுத்தாள்.

"கொண்டு போங்க மதினி."

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

ஏப்ரல் 8
ஏறிய புள்ளியை அப்படியே அறிக்கையில் வைத்தேன். ஏன் ஏறியது என்றும் எழுதினேன். சேர் கோபத்தில் போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 24
தாயும் மகளும் பஸ் பிடித்து சிகிச்சை நிலையத்துக்கு வந்தார்கள். பிள்ளையைக் கூப்பிட்டபோது தாய்தான் எழுந்தாள். தனக்கும் கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். கலாராணி அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

பிள்ளை வெளியே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பணிஸ் தின்றாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நான் எழப் பார்த்தேன்.

"இருங்க மிஸ், அம்மா அழட்டும்," என்றாள். "அவங்களுக்கும் இன்னைக்குத்தானே மொத நாளு."