அப்பாவின் கபரில் வசம்பு

நவம்பர் 9
அப்பா இறந்து முப்பத்தாறு நாள். ஊலர் ஏரிக்கரையில் எங்கள் சதுப்பை மண் கொட்டி மூடி ஆப்பிள் வைக்க வேண்டும் என்பது அவர் பேச்சு. இப்போது அவர் தம்பி, என் சாச்சா, அதைப் பேசுகிறார். மூட வேண்டாம், சேற்றிலேயே வசம்பு போடுகிறேன் என்றேன் அவரிடம்.
"புஸ்தகத்துல வளர்றதெல்லாம் சேத்துல வளராதும்மா. மே ஒண்ணாந்தேதி பாக்கறேன். பச்சை தெரியலைன்னா மண்ணு லாரி வரும்."

நவம்பர் 14
தொழுவத்தில் இரண்டு சிறு மூட்டை. ஒன்று சதுப்புக்கு வசம்புக் கிழங்கு. மற்றது அப்பாவை அடக்கம் செய்த கபருக்கு, ஊதாப் பூ பூக்கும் ஐரிஸ். புதுக் கபரில் அதை நடாவிட்டால் ஊர் பேசும். இலையை நறுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுபோல: விரல் பருமன், நெருக்கமான கணு. கிள்ளினால் மணப்பது வசம்பு. அடிக்கோடிட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15
கடும் ஜலதோஷம். அம்மா பழைய வசம்பை இழைத்துத் தேனில் கொடுத்தாள். மணமே தெரியவில்லை. இரண்டு இடத்திலும் நட்டாயிற்று.

டிசம்பர் 21
பனி.

ஏப்ரல் 6
சதுப்பில் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டினேன் – கூழ். தண்ணில பொறந்தது தண்ணில அழுகுமா? அழுகினாலும் ஒரு வாசனை வேண்டாமா?

ஏப்ரல் 22
எல்லாக் கபரிலும் ஊதாப் பூ. அப்பாவினுடையதில் வெறும் இலை, வாள் வாளாக. பக்கத்துக் கபருக்கு வந்த ஜூனா அத்தை, "உங்கப்பா சிரிச்சுத்தான் பாத்ததில்ல. பூக்கவும் மாட்டேங்கறாரே" என்றாள்.
இலையைக் கசக்கி முகர்ந்தேன். மூக்கு இப்போது நன்றாக வேலை செய்கிறது.

ஏப்ரல் 23
கபரில் நட்டதைப் பிடுங்கலாமா? லாரிக்கு எட்டு நாள். அம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கி முடித்த பிறகுதான் பேசினாள்.
"உயிரோட இருந்தவரைக்கும் அந்தச் சேத்துல செருப்பு நனைய விட்டதில்ல. இப்ப உனக்கு நாத்தங்கால் போட்டுக் குடுத்திருக்கார். ஸலாம் சொல்லிட்டு எடுத்துக்கோ."

மே 1
சாச்சா வந்தார். நாற்பது நாற்று, ஒரு மூலைக்குத்தான் காணும். எங்கிருந்து வந்தவை என்று அத்தை அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். ஓர் இலையைக் கசக்கினார். வெகுநேரம் கையை முகர்ந்துகொண்டிருந்தார்.
"ஒரே வருஷத்துல அண்ணனுக்கு ரெண்டாம் தடவை மண்ணு போட என்னால ஆகாது. லாரிய நிறுத்திடறேன்." கரையேறியதும், "கம்பளிப் பெட்டியில பூச்சி. உள்ள போட வசம்பு ஒரு துண்டு குடு" என்றார்.
"கிழங்கு முத்த ரெண்டு வருஷம் ஆகும், சாச்சா."
வரப்பு ஓரம் அழுகாமல் தப்பி, பிந்தி முளைத்த நாலு ஐரிஸ் பூத்திருந்தன. வேரோடு எடுத்துக் கபருக்குக் கொண்டுபோனேன். நடுவதற்கு முன் ஒவ்வொரு கிழங்காகக் கிள்ளி முகர்ந்தேன்.