தூக்கத்துக்கு எடை என்று பெயர் வைத்தேன்

இன்று காலை கொச்சியில், காக்கநாட்டு அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் உன் 'தூக்கம்' கண்ணில் பட்டது. எடை பார்க்கும் நிரலுக்கு நீ ஆங்கில எழுத்தில் அடித்து வைத்த பெயர். மலையாளத்தில் அதற்கு எடை என்று பொருள். நம் தமிழில் உறக்கம். பள்ளியில் மலையாளம் படித்தவள் நீ, அதனால் உனக்கு எடை மட்டும்தான் தோன்றியிருக்கிறது. அதை அழித்துவிட்டு 'எடை' என்றே மாற்றினேன். இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாய். வா.

மட்டாஞ்சேரி மிளகுக் கடைகளுக்கு நாம் செய்த மென்பொருள் முழுவதையும் நீ கிளாஸ் என்கிற ஒரே நிரல் தொகுப்புக்குள் அடைத்திருந்தாய். எடை, பில், இருப்பு, வரி எல்லாம் அதற்குள்தான். பிரிக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் படகுத்துறையில் சாயாவை ஊதிக்கொண்டே சிரித்தாய்.

"எங்க வாப்பா கடையில ஒத்த ஆளா எல்லாம் பாக்கலயாடி? என் கிளாஸும் அப்பிடித்தான்."

"வாப்பா காய்ச்சல்ல படுத்தா கடைய யாரு திறக்கிறது?"

"அவரு படுக்க மாட்டாரு."

நீ படுத்தாய். உன் வேலையைக் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்தவரிடம் கொடுத்தார்கள். மென்பொருளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற கட்டளைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லீப்', உறக்கம் என்றுதான் பெயர். உன் 'தூக்கத்தை' தமிழில் படித்து, அதுவும் அந்தக் கட்டளைதான் என்று நினைத்து அவர் நீக்கிவிட்டார். பஜார் முழுக்க மிளகு மூட்டைகளின் எடை பூஜ்யம் என்று வந்தது. அலுவலகம் யாரைக் கூப்பிட்டது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உன்னை. டிரிப்ஸ் ஏறுகிற கையோடு நீயும் போனில் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாய். பக்கத்தில் நின்ற எனக்கு அன்று வந்த ஆத்திரம் நீ மவுத்தாகி உன்னைப் புதைத்த பிறகும் அடங்கவில்லை.

இப்போது அந்தக் கிளாசை உன் நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். "அவ எழுதினதல்லே மோளே, ஓடுறதைத் தொட வேண்டா" என்றார் நம் மேலாளர். ஏதாவது நின்றால் என் வேலை போகும் என்றும் சொன்னார். தொட்டேன். எடை தனி, பில் தனி, இருப்பு தனி, வரி தனி என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் கொடுத்துவிட்டேன். கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

"இனி இது முழுசும் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரிய வேண்டாம் சார். சீக்குல கெடக்கிற ஒருத்தரையும் இனி இந்த ஆபீஸ் போன்ல கூப்பிடக் கூடாது."

உன் மேலும் எனக்குக் கோபம்தான். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் நீயாக இழுத்துப் போட்டுக்கொண்டாய். அந்தக் கோபத்தை மட்டும் நான் யாருக்கும் பிரித்துக் கொடுப்பதாக இல்லை.