கறுப்புச் சேலையின் மறுமுனை

இன்று காலை பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவள் செம்பூர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். மருமகள் உன் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட துணிக்குள்ளே அந்தக் கறுப்புச் சேலை கிடந்தது. சரிகை போய்விட்டது, வெள்ளைப் புள்ளிகளும் மங்கிவிட்டன. பாத்திரக்காரி அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் பார்த்தாள். “அது இருக்கட்டும்மா” என்று வாங்கிக்கொண்டேன். ஏன் என்று மருமகள் கேட்டாள். சொல்ல உட்கார்ந்தால் பொழுது போய்விடும், எனக்குத் தெம்பில்லை. உன்னிடம் என்றால் பாதி சொன்னால் போதும்.

கல்யாணமாகி ஐப்பசியில் தாராவிக்கு வந்தவள் மார்கழிக்குள் பேச்சையே நிறுத்திவிட்டாய். குழாயடியில் இந்தியில் ஏசினார்கள், உனக்குத் திருப்பி ஏசத் தெரியவில்லை. தோல் கிடங்கு நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. தலைப்பொங்கலுக்குப் படி, சீரெல்லாம் கொண்டு உன் அண்ணன் வருவதாகத் தகவல் வந்ததும்தான் உன் முகம் தெளிந்தது. அவரோடு நீ ஊருக்கு ரயிலேறிவிட்டால் திரும்பி வரமாட்டாய் என்று உறுதியாக நம்பினேன்.

உன்னை நிறுத்த என்ன வாங்குவது? வளையலா, சென்ட்டா என்று பட்டறையில் யோசித்துக்கொண்டே லேத்தில் விரலைக் கொடுக்கப் பார்த்தேன். பக்கத்து லேத்துக்காரன் மராட்டிக்காரன். புதுப்பெண்ணுக்கு முதல் சங்கராந்திக்குப் புருஷன் கறுப்புச் சேலைதான் எடுத்துக் கொடுப்பான் என்று சொல்லித் தாதர் துணிக்கடைக்கே கூட்டிப் போனான். கடை நிறைய கறுப்பு. எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பையனாக வந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவனுக்கு நம் வீட்டு விசேஷத்தில் எது ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் எங்கே நினைவிருக்கிறது? இந்த ஊர் தன் மருமகளுக்குச் செய்வதை உனக்கும் செய்துவிட்டால் நீ இந்த ஊர்க்காரி ஆகிவிடுவாய் என்று பட்டது. அரைநாள் நின்று எடுத்தேன்.

பொங்கல் பானை இறக்கியதும் அண்ணன் முன்னாலேயே பெருமையாக நீட்டினேன். நீ பிரித்தவுடன் அவர் முகம் சுண்டிவிட்டது.

“தலப்பொங்கலுக்குக் கறுப்பா? மாப்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஏட்டி, பெட்டிய எடு, கெளம்பு.”

அந்த நேரம் பார்த்து எல்லோரும் சித்தி முறையாக மாவ்ஷி என்று கூப்பிடும் அடுத்த அறை மராட்டிக்காரி எள்ளுருண்டைத் தட்டோடு வந்தாள். அவள் உடுத்தியிருந்ததும் கறுப்புதான். உன் கையிலிருந்த சேலையைத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், உன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். மொழி தெரியாவிட்டாலும் உனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அண்ணனுக்கும் விளங்கியிருக்கும். அவர் இறங்கி வரவில்லை.

நீ பெட்டியை எடுக்கவில்லை.

“அக்கா உடுத்திக் கழிச்சதத்தான் இதுவரைக்கும் உடுத்தினேன். எனக்குன்னு யோசிச்சு ஒருத்தவுக எடுத்தது இதுதாம்ணே. நான் வரல.”

அவர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். நம் முதல் பிள்ளையைப் பார்க்கக்கூட வரவில்லை. நீ ஒரு நாளும் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் பொங்கலன்று வாசலை எட்டி எட்டிப் பார்ப்பாய். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மாவ்ஷி வீட்டுக்கு மஞ்சள் குங்குமம் வாங்கப் போனாய். வந்ததும் மடிக்க என்னைக் கூப்பிட்டாய். நம் அறை ஒரு சேலை நீளம்கூட இல்லை. நீ அடுப்போரம் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு வாசலைத் தாண்டிச் சந்தில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரன் சிரித்தான். “இழுத்துப் பிடிங்க, சுருக்கம் விழுது” என்றாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு உன் வாயிலிருந்து எனக்கென்று வந்த பேச்சு அது. அதன்பின் வருஷா வருஷம் பொங்கல் சாயங்காலம் அதையே கட்டுவாய், இருவருமாக மடிப்போம்.

உன்னைக் கடைசியாக அனுப்பும்போது சிவப்புக் கோடி போர்த்தினார்கள். சுமங்கலிக்கு அதுதான் முறை என்றார்கள். இருக்கட்டும்.

சேலையை மடிக்கலாம் என்று விரித்தேன். மருமகள் நல்ல பெண், மறுமுனையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுருட்டியபடியே என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.