ஸ்வெட்டர் வாங்கிக்கொண்ட புயல்

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம்தான் என்று நேற்றுத்தான் உறுதியாகத் தெரிந்தது, அதனால் இந்த வரியைத் தைரியமாக எழுதுகிறேன். உங்கள் பயணத்தைத் தரையிலிருந்து கவனிக்கும் நிலையத்து டாக்டரம்மா போன் செய்தபோது நான் ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தோள்பட்டை எக்ஸ்ரே எடுத்து முடித்திருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாச்சு, உங்க பொண்ணு செவ்வாய் கிரகத்துல தாராளமா இறங்கலாம் என்றார். நான் போட்ட கூச்சலில் அந்த மனிதர் தோள்வலியை மறந்து துள்ளி எழுந்துவிட்டார். அப்புறம் அவரும் கை தட்டினார், வலிக்காத கையால் தொடையில் தட்டிக்கொண்டார் என்று சொல்லவேண்டும்.

சூரியப் புயல் வருகிறது என்றதும் நீங்கள் நாலு பேரும் கதிரைத் தடுக்கும் தண்ணீர்த் தொட்டிகள் சூழ்ந்த சின்ன அறைக்குள் பதுங்கிவிட்டீர்கள் என்று கேட்டபோது எனக்குப் பயமில்லை. தினமும் ஈயச் சுவருக்குப் பின்னால் ஒளிகிறவள்தானே நான். புயல் ஓய்ந்த பிறகு, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜில் மற்ற மூவருக்கும் கொஞ்சமாகவும் உனக்கு மட்டும் மலைபோலவும் காட்டுகிறது என்றார்கள் பார், அப்போதுதான் பாதி உயிர் போய்விட்டது. ரத்த அணுக்கள் குறையலாம், பின்னாளில் புற்றுநோய் வரலாம், கண்ணில் புரை விழலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். உன்னை இறக்காமல் விண்கப்பலிலேயே வைத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. எறங்காட்டி என்ன, எம்புள்ள உசுரோட வந்தா போதும் என்றே புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கோ இரண்டும் வேண்டும், நீ உயிரோடும் வரவேண்டும், இறங்கிவிட்டும் வரவேண்டும். அம்மா பேராசைக்காரி.

கடைசியில் கப்பலிலேயே உன் ரத்தத்தை எடுத்து, குரோமோசோம்கள் எவ்வளவு உடைந்திருக்கின்றன என்று பார்த்தால், மற்றவர்களுக்கு எவ்வளவோ உனக்கும் அவ்வளவே. அப்படியானால் பேட்ஜ் எங்கே இருந்தது என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. உள்ளே புழுக்கமாக இருக்கும் என்று ஸ்வெட்டரைக் கழற்றி, மிதந்து போகாமல் வெளியே படுக்கையில் கட்டிவிட்டு ஓடியிருக்கிறாய் மகாராணி, பேட்ஜும் அதிலேயே! எக்ஸ்ரேக்காரி பெற்ற பெண்ணா நீ? எங்கள் டிபார்ட்மென்டில் புதிதாகச் சேருகிறவர்கள் பேட்ஜ் குத்திய கோட்டை எக்ஸ்ரே ரூமிலேயே மாட்டிவிட்டுப் போவார்கள், பேட்ஜ் பாவம் ஊர்க்கதிரையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ரிப்போர்ட் வந்ததும் அலறுவார்கள். இத்தனை பேரைத் திட்டிய எனக்கே உன் விஷயத்தில் அது தோன்றவில்லை. பெற்றவளுக்கு மூளை வேலை செய்யாது போல.

அதற்காக ஆபத்தே இல்லை என்று துள்ளாதே. புயல் இல்லாத நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் ஏறிக்கொண்டுதான் இருக்குமாம். திரும்பி வந்ததும் வருடம் தவறாமல் பரிசோதனைக்குப் போகவேண்டும், சாக்குச் சொன்னால் காதைத் திருகி இழுத்துப் போவேன். அப்பா இப்போது தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி, எம்பொண்ணு எறங்கப்போறா என்கிறார். நேற்று தபால்காரர் மாட்டிக்கொண்டார்.

நல்லபடியாக இறங்கு, நன்றாக இரு, நீண்ட ஆயுளோடு இரு. நீ கால் வைக்கும் நேரத்தில் எனக்கு டியூட்டி. லீவு கேட்கவில்லை, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். வருகிறவர்களிடம் அசையாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கோங்க என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். அன்றைக்கு அவர்களை மூச்சு விடச் சொல்ல மறந்துவிடுவேனோ என்றுதான் கவலை.

உன்னைப் பெற்ற கர்வத்தோடு,
அம்மா